சொல்லும் அளவும்: குழந்தையின் நோவைக் கேட்டறிதல் குறித்த ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

உடல்நோவு உற்றவர்க்கு ஐயமின்றித் தெரிவது. மற்றவர்க்கோ உய்த்துணர்ந்தே தெரிவது. 'தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும்' என்னும் பழமொழி இவ்வேறுபாட்டைச் சுட்டுகிறது. அப்பழமொழி ஒருபுறம் நோவின் தனிமையைக் கூறுகிறது. மறுபுறம் பிறர் நோவைப் பொருட்படுத்தாதவரை இடித்துரைக்கிறது. வளர்ந்தவர்கள் இத்தனிமையைச் சொல்லால் கடக்க முயல்கின்றனர். சொல்வளம் நிரம்பாத குழந்தையோ அச்சொற்களையும் வளர்ந்தவரிடமிருந்தே பெறவேண்டியுள்ளது. ஆகவே குழந்தையிடம் 'எவ்வளவு வலிக்கிறது?' என்று வினவுதல் மருத்துவ வினா மட்டுமன்று; சொல்லைக் கொடுத்தல், கொடுத்த சொல்லை நம்புதல் என்னும் இரு கடமைகளைத் தன்னகத்தே கொண்ட அறவினாவும் ஆகும். தமிழ் இலக்கண நூலும் அறநூலும் இவ்வினாவிற்குத் தரும் ஒளியை, தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் சூளூர்பேட்டைப் பகுதியின் மொழிச்சூழலைக் களமாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

நம்பப்படாத நோவு

குழந்தையின் நோவை மருத்துவ உலகம் நெடுங்காலம் முழுமையாக நம்பவில்லை. பச்சிளங்குழந்தையின் நரம்பு மண்டலம் முதிராதது. எனவே அதற்கு நோவு மிகுதியாகத் தெரியாது என்னும் கருத்து இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை நிலவியது. குறைமாதக் குழந்தைகளுக்கு மிகக் குறைந்த மயக்க மருந்துடன் அறுவை செய்யும் வழக்கமும் இருந்தது. இந்தூரில் மருத்துவம் பயின்று ஆக்ஸ்ஃபோர்டில் ஆய்வு மேற்கொண்ட கே.ஜே.எஸ். ஆனந்தும் அவர்தம் உடனாய்வாளர்களும் 1987இல் வெளியிட்ட ஆய்வுகள் இக்கருத்தை அசைத்தன. நோவகற்றும் மருந்து பெற்ற குழந்தைகளின் உடல், அறுவையின் தாக்கத்தை மேலும் நன்றாகத் தாங்கியதை அவை காட்டின.

இங்கு நோக்கத்தக்கது ஒன்றுண்டு. அதுகாறும் குழந்தைகள் அழாமல் இருந்ததில்லை. உடல் விறைத்து, முகம் சுருங்கி, கைகால் உதைத்தே வந்தன. சான்று கண்முன்னரே இருந்தது. அதனைச் சான்றாகக் கொள்ளும் மனம்தான் இல்லை. அனைத்துலக நோவு ஆய்வுக் கழகம் 1979இல் நோவிற்கு வகுத்த வரையறையை 2020இல் திருத்தியபோது, சொல்லால் கூறுதல் நோவை வெளிப்படுத்தும் வழிகளுள் ஒன்றே எனவும், சொல்ல இயலாமை நோவின்மைக்குச் சான்றாகாது எனவும் விளக்கியது. நோவுற்றேன் என ஒருவர் கூறுவதை மதித்தல் வேண்டும் என்பதும் அவ்விளக்கத்துள் அடங்கும். ஆக, ஐயத்தை மெய்ப்பிக்கும் பொறுப்பு நோவுற்றவரிடமிருந்து நோக்குபவரிடம் மாறியுள்ளது எனலாம்.

அளவுகோல்கள்

நம்பிக்கை பிறந்தபின் எழுவது அளவை பற்றிய வினா. 1975இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ரொனால்ட் மெல்சாக், நோவைக் குறிக்கும் 78 ஆங்கிலச் சொற்களை 20 தொகுதிகளாக வகைப்படுத்தி ஒரு வினாநிரலை அமைத்தார். அது வளர்ந்தவர்க்கு உரியது. குழந்தைகளின் பொருட்டு வேறு கருவிகள் தோன்றின. நான்கு வில்லைகளை வைத்து, ஒவ்வொன்றையும் 'நோவின் ஒரு துண்டு' எனக் கூறி, எத்தனை துண்டு நோகிறது எனக் கேட்கும் முறையை 1979இல் நான்சி ஹெஸ்டர் வகுத்தார். அமெரிக்காவின் டல்சா நகர மருத்துவமனையில் டோனா வாங், கோனி பேக்கர் ஆகியோர் 1980களில் சிரிக்கும் முகம் தொடங்கிக் கண்ணீர் வடிக்கும் முகம் ஈறாக ஆறு முகப்படங்களை அமைத்தனர். 2001இல் திருத்தி வெளியிடப்பெற்ற மற்றொரு முகப்பட அளவுகோலில் சிரிப்பும் கண்ணீரும் இல்லை. சொல் வாராத குழந்தைகளுக்கென 1997இல் வெளியான நோக்கீட்டு முறை முகம், கால், அசைவு, அழுகை, தேற்றினால் தேறும் தன்மை என்னும் ஐந்தனையும் 0 முதல் 2 வரை மதிப்பிட்டு, 10ஐப் பேரளவாகக் கொள்கிறது.

இக்கருவிகள் யாவும் ஒரே பொருளை அளப்பதுபோல் தோன்றினும் இவற்றின் அடிப்படை வேறுவேறானது. வில்லை முறை எண்ணிக்கையையும், முகப்படம் ஒப்புமையையும், நோக்கீட்டு முறை புறக்குறிகளையும் சார்ந்து நிற்கின்றன. இவை ஆங்கிலம் வழங்கும் சூழலில் பிறந்தவை. இவற்றைத் தமிழ்க் குழந்தையிடம் கொண்டுவருகையில் சொல்லை மட்டும் பெயர்த்தால் போதுமா என்பது அடுத்து எழும் வினாவாகும்.

தமிழில் நோவுச்சொற்கள்

இன்று பெருவழக்காக உள்ள 'வலி' என்னும் சொல் பழந்தமிழில் வன்மையையே பெரிதும் குறித்தது. திருக்குறளில் 'வலியறிதல்' என்னும் அதிகாரம் ஆற்றலை அறிதலைப் பேசுவது. படகு வலித்தல் என்னும் வழக்கில் அவ்வேர்ச்சொல் இழுத்தற்பொருள் தருவதும் அறிந்ததே. நோதல், நோவு, நோய் என்பனவே பழைய நோவுச்சொற்கள். 'பையுள்', 'சிறுமை' என்னும் உரிச்சொற்களுக்கும் தொல்காப்பிய உரியியல் நோய்ப்பொருளே உரைக்கிறது. ஈழத்தமிழ் வழக்கு 'நோகிறது' என்பதை இன்றும் காத்துவருகிறது. அங்குத் தலைவலி 'தலையிடி' ஆகும்.

'வலி' என்பது பொதுச்சொல்லே. நோவின் தன்மையைத் தமிழர் வினைகளால் வேறுபடுத்துகின்றனர். காது குடைகிறது, பல் கூசுகிறது, கண் உறுத்துகிறது, வயிறு பிசைகிறது, கால் உளைகிறது, புண் எரிகிறது, சூடுபட்ட இடம் காந்துகிறது, கட்டி தெறிக்கிறது, முதுகு கடுக்கிறது. இவ்வினைகள் ஒவ்வொன்றும் உறுப்பையும் நோயின் இயல்பையும் ஒருங்கே உணர்த்துவன. 'விண்விண்', 'சுருக்', 'பளீர்', 'கடகட' முதலான ஒலிக்குறிப்புகள் நோவின் கால அளவையும் காட்டுகின்றன. 'சுருக்' என்பது தோன்றி மறைவது. 'விண்விண்' என்பது விட்டுவிட்டுத் தொடர்வது. உரிச்சொல் இசையினும் குறிப்பினும் பண்பினும் தோன்றுவது என்னும் தொல்காப்பியக் கருத்து இவ்விடத்துப் பொருந்துகிறது. உடலுணர்வைச் சொல்லாக்குகையில் மொழி முதலில் ஒலியையே நாடுகிறது. குழந்தைக்கு எளிதில் வாய்ப்பதும் ஒலியே. மூன்று வயதுக் குழந்தைக்குப் 'பத்துக்கு எத்தனை?' என்னும் வினா விளங்காது; 'சுருக்கென்று குத்துகிறதா, விண்விண்ணென்று தெறிக்கிறதா?' என்று அழுத்திக் காட்டிக் கேட்டால் விளங்கக்கூடும்.

தொடரமைப்பும் கருதத்தக்கது. 'எனக்குக் கால் வலிக்கிறது' என்னும் தொடரில் கால் எழுவாய். நோவுறுபவர் நான்காம் வேற்றுமையில் நிற்கிறார். நோவு என்பது ஒருவர் செய்யும் செயலாகவோ கொண்டிருக்கும் உடைமையாகவோ அன்றி, அவர்க்கு வந்து நேர்வதாக மொழி அமைத்துக் காட்டுகிறது. நோவுறும் குழந்தையைக் குற்றவாளிபோல் நடத்துவதற்கு இவ்விலக்கணத்தில் இடமில்லை.

எல்லை ஊரின் குழந்தை

காளங்கி ஆற்றங்கரையில் அமைந்த சூளூர்பேட்டை, பழவேற்காடு ஏரிக்கும் ஸ்ரீஹரிகோட்டா விண்வெளி ஏவுதளத்திற்கும் வாயிலாக உள்ள ஊர். நெல்லூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர் 2022 ஏப்ரலில் அமைக்கப்பெற்ற திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. சென்னை–கூடூர் இருப்புப்பாதையில் அமைந்திருத்தலின் சென்னைப் புறநகர் வண்டிகள் இவ்வூர் வரை செல்கின்றன. ஆட்சிமொழியும் பள்ளிமொழியும் தெலுங்கு சார்ந்தவை. பல வீடுகளில் பேச்சுமொழி தமிழ். கடைத்தெருவில் இரண்டும் வழங்கும். இப்பகுதிக் குழந்தைகளின் உயர்மருத்துவத்திற்குத் திருப்பதி, நெல்லூர், சென்னை, வேலூர் என நான்கு திசைகள் உள்ளன. திருப்பதியில் 2021இல் குழந்தைகளுக்கென இதய மருத்துவமனை ஒன்று தொடங்கப்பெற்றது. எழும்பூரில் உள்ள அரசு குழந்தைகள் நல மருத்துவமனையோ தமிழ்ச்சூழலில் அமைந்தது. எனவே இங்குள்ள குழந்தை எந்த மொழியில் நோவைச் சொல்லக் கற்றது, எந்த மொழியில் அது கேட்கப்படுகிறது என்பன ஒன்றாக இருக்குமென உறுதி கூற இயலாது.

தெலுங்கின் 'நொப்பி' தமிழ் 'நோ' என்பதனோடு வேரால் உறவுடையது. ஆதலின் பொதுநோவு எளிதில் விளங்கிவிடும். இடர் உறுப்புப்பெயர்களிலும் நோவுவினைகளிலும் தோன்றுகிறது. தெலுங்கில் 'கடுபு' என்பது வயிறு. தமிழ் மட்டுமே அறிந்த செவிக்கு அது 'கடுப்பு' என ஒலிக்கக்கூடும். 'எனக்கு' எனப் பொருள்படும் 'நாகு' என்னும் தெலுங்குச் சொல் 'நாக்கு' போலச் செவிப்படக்கூடும். 'மண்ட' என்பது எரிச்சல். தமிழ்ச்செவிக்கோ அது மண்டையை நினைவூட்டும். நோவுற்று அழும் குழந்தையின் குழறலில் இவ்வொலிகள் மேலும் மயங்கும்.

கால் உளைச்சலைத் தெலுங்குக் குழந்தை கால்கள் 'லாகுதுன்னாயி', அதாவது இழுக்கின்றன, என்று சொல்லும். தமிழின் 'வலி' என்னும் சொல்லிலும் இழுத்தற்பொருள் இருத்தல் ஒப்புநோக்கத்தக்கது. ஆயினும் நடைமுறையில் இவ்வுறவு வெளிப்படுவதில்லை. குழந்தை 'இழுக்கிறது' என்கிறது. தாய் அதனைக் 'கால் வலிக்கிறதாம்' எனப் பெயர்க்கிறார். கேட்பவர் அதனை ஓர் எண்ணாகக் குறிக்கிறார். இழுப்பு, வலியாகி, எண்ணாகிறது. இம்மூன்று படிகளில் இழக்கப்படுவது நோயறிதலுக்கு வேண்டிய நுண்பொருள். இதில் எவரிடத்தும் தீய எண்ணம் இல்லை. எனினும் இழப்பு நேர்கிறது. குழந்தை கூறிய வினையை, எம்மொழியினதாயினும், அவ்வாறே எழுதிவைத்துப் பின்னர் எண்ணைக் கேட்டல் இவ்விழப்பைக் குறைக்கும் எளிய வழியாகும்.

மெய்ப்பாடும் முகப்படமும்

முகத்தைக் கொண்டு அகத்தை அறிதல் தமிழ்க் கவிதையியலில் தனி இயலாக ஆராயப்பெற்ற பொருள். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகை முதலாக உவகை ஈறாக எட்டு மெய்ப்பாடுகளை வகுத்து, ஒவ்வொன்றிற்கும் நந்நான்கு நிலைக்களன்களைச் சுட்டுகிறது. அழுகைக்கு உரியன இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன. உடற்புண் தரும் நோவு இவற்றுள் தனிக்களனாக எண்ணப்படவில்லை என்பது கருதத்தக்கது. இலக்கியத்தின் அழுகையும் மருத்துவமனையின் அழுகையும் ஒன்றல்ல என்பதை இது நினைவூட்டுகிறது.

எனினும் இவ்வியலின் கோட்பாடு இன்றைய கருவிகளை மதிப்பிட உதவுகிறது. ஒரு மெய்ப்பாட்டிற்குப் பல களன்கள் உண்டெனின், புறக்குறி ஒன்றே களனைக் காட்டிவிடாது. கண்ணீர் வடிக்கும் முகத்தைக் குழந்தை தேர்ந்தால், அது நோவைக் காட்டுகிறதா, தாயைப் பிரிந்த துயரையா, ஊசி பற்றிய அச்சத்தையா எனத் தெளிய இயலாது. சிரித்த முகத்தைக் குழந்தை விலக்குவது, நோவு இருப்பதனாலன்றி, மருத்துவமனையில் மகிழ்ச்சி இல்லாமையாலும் ஆகலாம். திருத்தப்பெற்ற அளவுகோலில் சிரிப்பும் கண்ணீரும் இல்லாமையின் காரணம் இதுவே. நோவையும் உவகை, அழுகை ஆகியவற்றையும் பிரித்தறிய வேண்டும் என்னும் தேவை அங்கு உணரப்பட்டது.

மெய்ப்பாட்டியலின் இறுதி நூற்பா மற்றொன்றையும் வலியுறுத்துகிறது. கண்ணாலும் செவியாலும் தெளிவாக உணரும் அறிவுடையார்க்கன்றி மெய்ப்பாட்டின் நுண்பொருள் விளங்காது என்பது அதன் கருத்து. அறிதலின் சுமையை அந்நூற்பா காட்டுபவர்மேல் ஏற்றவில்லை, காண்பவர்மேலேயே ஏற்றுகிறது. குழந்தை சரியாகச் சொல்லவில்லை எனக் குறைகூறும் வழக்கத்திற்கு இது தக்க மறுப்பாகும்.

இலக்கிய மரபின் ஒரு குறையும் ஈண்டுச் சுட்டத்தக்கது. மழலைச்சொல்லின் இனிமையைத் தமிழ் போற்றிய அளவிற்கு அதன் செய்தியைப் போற்றியதாகத் தெரியவில்லை. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களிலும் பிள்ளை அழைக்கப்படுகிறது, வேண்டப்படுகிறது, வாழ்த்தப்படுகிறது. தன் உடலைப் பற்றிப் பேசுவதில்லை. மழலை கேட்போர்க்கு இன்பமாக அமைந்ததேயன்றிச் சொல்வோரின் சான்றாகக் கொள்ளப்படவில்லை.

'வலிக்காது' என்னும் சொல்

குழந்தை நோவுச்சொல்லை எவ்வாறு கற்கிறது? 1953இல் வெளிவந்த 'மெய்யியல் ஆய்வுகள்' நூலில் விட்கென்ஸ்டைன் இதற்கு ஒரு விளக்கம் தருகிறார். விழுந்த குழந்தை அழுகிறது. வளர்ந்தவர் அதனோடு பேசி, முதலில் வியப்பிடைச்சொற்களையும் பின்னர்த் தொடர்களையும் கற்பிக்கின்றனர். அழுகையின் இடத்தில் சொல் வந்தமர்கிறது. இவ்விளக்கத்தின்படி நோவுச்சொல் அகத்தே கண்ட பொருளுக்கு இட்ட பெயரன்று. குழந்தையின் அழுகைக்கும் வளர்ந்தவரின் மறுமொழிக்கும் இடையே வளர்வது.

அவ்வாறாயின், வளர்ந்தவரின் மறுமொழி பொய்யாக அமையுமிடத்து நேர்வது யாது? ஊசி போடுமுன் 'வலிக்காது' என்று சொல்லுதல் எங்கும் உள்ள வழக்கம். ஊசி வலிக்கிறது. அக்கணத்தில் குழந்தை இரண்டனுள் ஒன்றைக் கற்கிறது: தான் உணர்ந்தது வலியன்று, அல்லது, சொன்னவர் நம்பத்தக்கவர் அல்லர். முன்னது சொல்லைச் சிதைக்கிறது; பின்னது உறவைச் சிதைக்கிறது. விழுந்த குழந்தையிடம் 'ஒன்றுமில்லை' என்பதும், 'ஆண்பிள்ளை அழலாமா?' என்பதும், அடங்காத குழந்தையிடம் 'ஊசி போடச் சொல்வேன்' என்பதும் இவ்வகையின. ஊசியைத் தண்டனையாக அறிந்த குழந்தை, நோவைச் சொன்னால் ஊசி வரும் என அஞ்சி நோவை மறைக்கும். அதன்பின் காட்டப்படும் முகப்படத்தில் அது சுட்டும் முகம் நோவின் அளவாகாது. அச்சத்தின் அளவே ஆகும்.

இதற்கொரு மறுப்புக் கூறப்படலாம். குற்றமற்ற நன்மை விளையுமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று வள்ளுவர் வாய்மை அதிகாரத்தில் கூறியுள்ளார். குழந்தையின் அச்சத்தை நீக்கி மருத்துவத்திற்கு இணங்கச் செய்யும் 'வலிக்காது' என்னும் சொல் அவ்வகையினது அன்றோ என்பது அம்மறுப்பு. இது எளிதில் தள்ளத்தக்கதன்று. வாய்மையை விளைவின் தீங்கின்மையால் வரையறுப்பதே அவ்வதிகாரத்தின் தொடக்கம். ஆயின் அவ்விலக்கை நிறைவேற்ற நன்மை இருத்தல் மட்டும் போதாது. அந்நன்மை குற்றம் நீங்கியதாகவும் இருத்தல் வேண்டும். 'வலிக்காது' என்பதன் நன்மை சில நொடிகளது. அதன் குற்றமோ அடுத்த ஊசியிலும், அடுத்த மருத்துவமனையிலும் தொடர்வது. ஒருமுறையே ஊசி காணும் குழந்தைக்கு இக்கணக்கு வேறாகத் தோன்றலாம்; புற்றுநோய், இரத்த அழிவுச்சோகை முதலியவற்றால் மாதந்தோறும் ஊசி காணும் குழந்தைக்கு இப்பொய் ஒவ்வொரு முறையும் வெளிப்பட்டுவிடும். ஆகவே வள்ளுவரின் விலக்கு இங்குப் பொருந்தாது எனலாம். 'கொஞ்சம் சுருக்கென்று இருக்கும். பத்து எண்ணுவதற்குள் குறைந்துவிடும். நான் கையைப் பிடித்துக்கொள்கிறேன்' என்பது மெய்யும் ஆறுதலும் ஒருங்கமைந்த கூற்று. அது சொல்லையும் காலத்தையும் துணையையும் ஒருசேரக் கொடுக்கிறது.

அளவின் பயனும் எல்லையும்

ஒரு குழந்தையின் ஆறும் மற்றொரு குழந்தையின் ஆறும் ஒன்றா என்பது அளவை பற்றி எழும் பொதுவான ஐயம். இதற்குத் தமிழரின் பழைய நீட்டலளவை தெளிவு தருகிறது. சாணும் முழமும் உடலால் அளப்பவை. ஒருவர் சாண் மற்றவர் சாணுக்கு ஒவ்வாது. எனினும் ஒரே கை இன்று அளந்ததையும் நாளை அளந்ததையும் ஒப்பிடலாம். நோவெண் அடிக்கோல் அன்று, சாண் ஆகும். மருந்துக்குமுன் எட்டு எனக் காட்டிய குழந்தை மருந்துக்குப்பின் மூன்று எனக் காட்டினால் அவ்வேறுபாடு பொருளுடையது. அடுத்த கட்டிலில் உள்ள குழந்தை ஐந்து காட்டியதால் இதன் எட்டு மிகை எனல் சாணைச் சாணோடு ஒப்பிடும் பிழை.

வில்லைகளுக்கு மாற்றாக இப்பகுதிக் குழந்தைகள் விளையாடும் புளியங்கொட்டையைப் பயன்படுத்தலாம். தமிழில் பல்லாங்குழியாகவும் தெலுங்கில் வாமனகுண்டலாகவும் வழங்கும் ஆட்டத்தின் வழி எண்ணப் பழகிய கைக்கு 'நோவுக்கு எத்தனை கொட்டை?' என்னும் வினா இரு மொழியிலும் எளிதில் விளங்கும். வாயிலிட்டு விழுங்கும் வயதினர்க்கு இது தகாது. ஆய்ந்து சரிபார்த்த பின்னரே இதனை மருத்துவக் கருவியாகக் கொள்ளவேண்டும் என்பதும் சொல்லாமலே அமையும்.

எண்ணே இலக்காகிவிடும் இடர் வேறு. அமெரிக்காவில் நோவை ஐந்தாம் உயிர்க்குறியாகக் கொண்டு எல்லா நோயாளரிடமும் எண் கேட்கும் இயக்கம் 1990களில் எழுந்தது. எண்ணைக் குறைத்தலே பணியெனக் கொண்டமை அபினி வகை மருந்துகளின் மிகைப்பயனுக்கு வழிவகுத்தது என்னும் குறைகூறலுக்குப் பின், 2016இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் அக்கொள்கையைக் கைவிட வேண்டுமெனத் தீர்மானித்தது. எண் என்பது உரையாடலின் தொடக்கம், முடிவன்று. குழந்தை தந்த எண்ணைப் பெற்றபின் ஒன்றும் செய்யாதிருத்தல் கேளாமையினும் கொடிது. சொன்னால் பயனில்லை என்னும் பாடத்தை அது கற்பித்துவிடும்.

முடிவுரை

பிற உயிரின் துன்பத்தைத் தன் துன்பமாகக் கருதிக் காவாதவிடத்து அறிவால் ஆகும் பயன் ஒன்றுமில்லை என்பது இன்னா செய்யாமை அதிகாரத்தில் வள்ளுவர் எழுப்பும் வினாவின் கருத்து. பிறர் நோவைத் தன் நோவாக உணர்தல் இயலாது என்பதைப் பழமொழி கூறுகிறது. உணர இயலாவிடினும் அவ்வாறு போற்றுதல் வேண்டும் என்பதைக் குறள் கூறுகிறது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வெளியிலேயே நோவின் அளவுகோல்கள் நிற்கின்றன. அவை உணர்தலுக்கு ஈடாகா, போற்றுதலுக்குத் துணையாகும்.

குழந்தைக்கு நோவுவினைகளையும் ஒலிக்குறிப்புகளையும் வீட்டுமொழியிலேயே நலமாக இருக்கும் காலத்தில் கற்பித்தல், அது சொன்ன சொல்லை மாற்றாது பதிதல், நோவு வரும் என்பதை மறையாது கூறுதல், பெற்ற அளவிற்கேற்ப உடன் செயற்படுதல் ஆகிய நான்கும் இவ்வாய்வினால் பெறப்படும் கடமைகள். இவற்றுள் முதலிரண்டும் மொழியறிஞர்க்கும் உரியவை. எல்லைப்பகுதிகளில் தமிழ், தெலுங்கு நோவுச்சொற்களை உறுப்புவாரியாகத் தொகுத்து, மருத்துவமனைகளில் பயன்படும் சிறு இணையகராதி ஒன்றை ஆக்குதல் தமிழ்த்துறைகளும் தெலுங்குத்துறைகளும் கூடிச் செய்யத்தக்க பணி. வயிற்றைச் சொன்ன குழந்தைக்கு முதுகைத் தடவாதிருக்க அது உதவும்.